பனிக்கரடிக்கு எடுத்து வைத்த மீன்

அந்த அறையில் இருந்தவர்கள்: கரடிகளைப் பராமரிக்கும் கியர்ஸ்டன். வேலி திருத்தும் போலந்துக்காரன் மாரெக். என் மனைவி ராணி. நான். சுவரில் இருந்த சின்னத் திரைக்குள் ஒரு பனிக்கரடி. ராணியின் மடியில், துவாயால் சுற்றிய சட்டி ஒன்று. அதற்குள் பால்சுறாச் சரக்குக் கறி.

டென்மார்க்கில், மிருகக்காட்சிச்சாலை ஒன்றின் வேலையாட்கள் தேநீர் குடிக்கும் அறை அது. நத்தாருக்கு முந்திய கிழமை. ராணி கரடி பார்க்க வரவில்லை. கோல்டிங்கில் எங்கள் மகள் அபிராவுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. என் வேலை முடிந்ததும் ரண்டர்ஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பாமல், சட்டியோடு நேரே அங்கே போவதாக ராணி முடிவெடுத்துவிட்டாள். மகள் வரச் சொல்லவில்லை. அதுதான் பிரச்சினை.

நான் அங்கே தீன் அறையில் நிற்கிறேன். மீன், இறைச்சி வெட்டுவேன். மிச்ச நேரம் பாதை கூட்டுவேன். முன்பு பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் நின்றேன். அங்கே மிருகம் துண்டாகத்தான் வரும். முழு மிருகத்தைப் பார்த்துக்கொண்டு வேலை செய்தது இங்கேதான். பனிக்கரடியைப் பார்க்கப் பார்க்க ஆச்சரியம் முடிவதில்லை. அவ்வளவு பெரிய உடம்புக்குக் காது சின்னன், வால் அதிலும் சின்னன். குளிருக்கு அதுதான் நல்லதாம். தண்ணீரில் முன்னங்காலால் துடுப்பு வலிக்கும், பின்னங்காலைச் சுக்கான் மாதிரி நீட்டி வைத்திருக்கும். உள்ளங்காலில் மண்கடதாசி மாதிரிச் சொரசொரப்பு. பனிக்கட்டியில் வழுக்காது. நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் மாரிக்குளிரில் விழுந்து எழும்பியதை நினைத்தால் பொறாமையாகத்தான் இருக்கும்.

ஒருநாள் மருந்து ஏற்ற அதன் முன்னங்காலில் கொஞ்சம் மயிர் வழித்தார்கள். உள்ளே தோல் கறுப்பு. மயிரும் வெள்ளையில்லையாம். நிறமே இல்லாத குழாய்கள், வெளிச்சம் பட்டு வெள்ளையாகத் தெரிகிறது. இதைச் சொல்லிக்கொண்டு வந்த கியர்ஸ்டன் தற்செயலாக என் கையைப் பார்த்தாள். பார்த்ததற்கு வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பினாள். நான் கம்பிக்கு வெளியே அந்தக் காலுக்கு நேரே என் கையை நீட்டிப் பிடித்தேன்.

“அவள் என்னிலும் கறுப்பு” என்றேன். அதற்குப் பிறகுதான் என்னோடு சிரித்துக் கதைக்கத் தொடங்கினாள்.

இலையுதிர்காலத்தில் பெண் கரடி குட்டி போடும் அறைக்குள் போய்விட்டது. கியர்ஸ்டன் அந்தப் பாதையைக் கயிறு கட்டி மறித்து ஒரு பலகை தொங்கவிட்டாள். அதில் ஒரே ஒரு சொல். ‘ரோ’. அமைதி என்று அர்த்தம். அந்தப் பக்கம் இலை ஊதும் இயந்திரம் போடக்கூடாது. மாரெக் ஆணி அடிக்கக்கூடாது. நான் தள்ளுவண்டி உருட்டக்கூடாது.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஆனால் மீன் வெட்டும்போது கை தன்பாட்டில் அவளின் பங்கை எடுத்து வைத்தது. எங்கள் ஆட்களின் வீட்டில் பிள்ளைப்பெற்றவளின் பங்கை முதலில் எடுத்து மூடிவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் போடுவார்கள். பிரிஜ்ஜில் மக்கரல் மீன் வாளி வாளியாகச் சேர்ந்ததும் கியர்ஸ்டன் கூப்பிட்டாள்.

“இது யாருக்கு?”

“குட்டித்தாய்க்கு.”

“அவள் சாப்பிடமாட்டாளே.”

“சுகமில்லையா?”

“நல்ல சுகம்.”

“அப்படியென்றால் ஏன் சாப்பாடு கொடுக்கவில்லை?”

அவளின் முகம் சிவந்துவிட்டது. தான் பட்டினி போடுவதாக நான் குற்றம் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள். நான் கேட்டது அதுவல்ல. எப்படித் தாங்குகிறாள் என்றுதான் கேட்டேன். எனக்கு இருந்த டேனிஷ் மொழியில் இரண்டும் ஒன்றாகவே வந்தது.

பிறகு ஆறுதலாகச் சொன்னாள். கோடையில் சேர்த்த கொழுப்பில்தான் அவள் மாரி முழுக்க இருப்பாள். தின்னமாட்டாள், குடிக்கவும் மாட்டாள். பால் மட்டும் கொடுப்பாள். கிறீம் மாதிரித் தடித்த பால். பிறந்த குட்டி ஒரு சீனிப் பைக்கட்டின் பாரம்கூட வராது. கண் திறக்காது. அதை நிலத்தில் விடாமல் நெஞ்சில் வைத்து மூச்சால் சூடு கொடுப்பாள். வெளியார் சத்தம், வெளியார் மணம் வந்தால் குட்டியை விட்டுவிடுவாள். சிலவேளை கொன்றும் போடுவாள். அன்றைக்கு வாளிகளை ஆண் கரடிக்குக் கொட்டினேன். அது ஒரு கேள்வியும் கேட்காமல் தின்றது.

அபிரா ஆஸ்பத்திரியில் இருந்து தொலைபேசியில் சொன்னதும் அதே சொல்தான். ‘ரோ’ வேண்டுமாம். தானும் புருஷன் மதியாஸும் பிள்ளையும் மட்டும். கொஞ்ச நாளைக்கு ஒருவரும் வரவேண்டாம். மதியாஸ் டேனிஷ் பெடியன். அவனின் தாய்க்கும் அதே கதைதான், அவள் சரி என்று சொல்லிவிட்டாளாம்.

“அவள் சரி எண்டு சொல்லுவாள்” என்றாள் ராணி. “அவளுக்கு நோகாது. பெத்த தாய் வெளியாளோ? நான் வாசல்லை நிண்டால் என்ன செய்வாள் எண்டு பாப்பம்.”

அன்றைக்கே சரக்குக்கு மல்லியும் மிளகும் சீரகமும் வறுக்கத் தொடங்கினாள். தமிழ்க்கடையில் உறைந்த பால்சுறா வாங்குவித்தாள். பால் சுரக்க அதுதான் திறம். எனக்குப் பயமாக இருந்தது. மகள் ஒருமுறை கதவைச் சாத்தினால் திறக்க நாள் எடுக்கும். அந்த விஷயத்தில் தாயும் மகளும் ஒரே வார்ப்பு.

அப்படித்தான் ராணி அந்த அறைக்குச் சட்டியோடு வந்தாள். மாரெக் மூக்கை உறிஞ்சி, இரண்டு தரம் தும்மி, “இது கரடிக்கா?” என்று கேட்டான். “பனிக்கரடி கடல்நாயைக் கிலோமீற்றர்க் கணக்கில் மணந்து பிடிக்குமாம். இந்த மணத்துக்குக் கதவை உடைத்துக்கொண்டு வரும்.”

கியர்ஸ்டன் சிரிக்கவில்லை. “மூடி இறுக்கமா?” என்று கேட்டாள். ராணி சட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

திரையில் எல்லாம் சாம்பல் நிறம். கரடி சுருண்டு கிடந்தது. கியர்ஸ்டன் சத்தத்தைக் கூட்டினாள். சின்ன மோட்டர் ஓடுவது மாதிரி ஒரு முனகல். குட்டி பால் குடிக்கும் சத்தம். ராணி கதிரையை முன்னுக்கு இழுத்து, என்னிடம் தமிழில் கேட்டாள்.

“எத்தினை குட்டி?”

“தெரியாது. காட்டமாட்டாள்.”

“தேப்பன் எங்கை?”

“அங்காலை கூட்டிலை. உள்ளுக்கு விட்டால் குட்டியைத் திண்டுபோடும்.”

“அப்ப இவளுக்கு ஆர் உதவி?”

“ஒருத்தருமில்லை.”

“ஒருத்தருமில்லாமல் பால் வருமோ?”

“உமக்கு வந்ததுதானே” என்றேன்.

ராணி திரும்பி என்னைப் பார்த்தாள். அபிரா பிறந்தது நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில். ராணியின் தாய் யாழ்ப்பாணத்தில், சண்டைக்கு நடுவில். கடிதம்கூட வராத காலம். மல்லி எந்தக் கடையில் விற்கும் என்றும் தெரியாது. நான் கொட் மீன் வாங்கி மிளகுத்தூள் போட்டு அவித்துக் கொடுத்தேன். ஊத்தை நாற்றம் என்று சொல்லிச் சொல்லிக் குடித்தாள். யன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அந்த மாரி முழுக்க எங்கள் கதவை ஒருவரும் தட்டவில்லை.

“அதுதான்” என்றாள் ராணி. “எனக்கு ஒருத்தரும் வரேல்லை. அதுதான் போகவேணும் எண்டு நிக்கிறன்.”

“ஊரிலையும் முப்பத்தொண்டாம் நாள் துடக்கு கழியுமட்டும் பிள்ளைப்பெத்த வீட்டுக்கு ஆக்கள் வராயினம்தானே.”

“தாய் உள்ளுக்கு இருப்பாள்.”

“ஓம். கதவு அங்கையும் சாத்தித்தான் கிடந்தது. நீர் இப்ப மற்றப் பக்கம் நிக்கிறீர். அவ்வளவுதான்.”

கரடி ஒரு முன்னங்காலைத் தூக்கி, நெஞ்சில் இருந்த எதையோ மூடியது. பிறகு நாங்கள் வெளிக்கிட்டோம்.

பின்னேரம் நாலு மணிக்கே இருட்டு. கோல்டிங் போய்ச் சேருமட்டும் ராணி சட்டியை மடியில் வைத்திருந்தாள். மகளின் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளிக் காரை நிற்பாட்டச் சொன்னாள். சட்டியோடு தனியப் போனாள். வாசலில் நின்றாள். மணியின் பக்கம் கை போனதைப் பார்த்தேன். நான் காரை விட்டு இறங்கவில்லை. கை திரும்பி வந்தது. சட்டியைக் கால்மிதியில் வைத்து, துவாயை இழுத்து மூடிவிட்டு வந்து காருக்குள் ஏறினாள்.

“மெசேஜ் போடுங்கோ. வாசல்லை சாப்பாடு, நாங்கள் போறம் எண்டு.”

போட்டேன். ஆனால் நாங்கள் போகவில்லை. காரின் லைற்றை நூர்த்துவிட்டு இருட்டில் இருந்தோம். கதவு திறந்தது. அபிராதான் வந்தாள், மதியாஸின் பெரிய ஸ்வெற்றரைப் போட்டுக்கொண்டு. குனிந்து மூடியைத் திறந்தாள். முகத்தைச் சட்டிக்குள் விட்டு மணந்தாள். நிமிர்ந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். காரை அவள் காணவில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள்.

“மெலிஞ்சு போனாள்” என்றாள் ராணி.

“இந்த இருட்டிலை உமக்கென்ன தெரியும்?”

“எனக்குத் தெரியும். காரை எடுங்கோ.”

கூப்பிடுவாளா என்று ராணி ஒருநாளும் வாய் விட்டுக் கேட்கவில்லை. தொலைபேசியை மட்டும் குசினிக்குள்ளும் கொண்டு திரிந்தாள். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அபிரா தொலைபேசி எடுத்தாள். “வாங்கோ. சட்டியையும் கொண்டு போங்கோ.”

நாங்கள் போனபோது கழுவிய சட்டி முன்வாசலுக்குள்ளேயே இருந்தது. ராணி மூடியைத் திறந்தாள். உள்ளே துணியில் சுற்றிய கறுப்பு றை பாண், மதியாஸ் சுட்டது.

“இது என்ன?”

“வெறும் சட்டி திருப்பிக் குடுக்கக்கூடாது எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள், அம்மா” என்றாள் அபிரா. பிறகு டேனிஷில், பிள்ளை நித்திரை, மெதுவாக வாருங்கள் என்றாள்.

ராணி அவளுக்குப் பின்னால் பூனை மாதிரி நடந்து போனாள். நான் சப்பாத்துக் கழற்றப் பிந்திவிட்டேன். கரடி இன்னும் வெளியே வரவில்லை. எத்தனை குட்டி என்று கியர்ஸ்டனுக்கே தெரியாது. வெயில் வரும்போது தானாகக் கொண்டுவந்து காட்டும் என்கிறாள்.

சப்பாத்துகள் வரிசையாக இருந்தன. மதியாஸின் பெரிய பூட்ஸ். அபிராவின் ஓட்டச் சப்பாத்து. ராணியினுடையது வாசலைப் பார்த்து, என்னுடையது வீட்டைப் பார்த்து. எல்லாவற்றுக்கும் முன்னால், மதியாஸின் தாய் கம்பளி நூலில் பின்னி அனுப்பிய ஒரு சின்னச் சோடி. அது இன்னும் எந்த நாட்டு நிலத்திலும் படவில்லை.

ஐந்து சோடி.