ஈட்டி மரத்தில் ஒரு குங்குமக் கோடு

ஈட்டி மரத்தைச் சீவும்போது ஒரு வாசனை வரும் நண்பர்களே... லேசான இனிப்பு வாசனை. அந்த ஆயுத பூஜை வாரம் எங்கள் பேட்டர்ன் ஷாப் முழுக்க அதுதான்.

எண்பதுகளின் தொடக்கம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பம்ப் வார்க்கும் சின்ன ஃபவுண்டரி. வார்ப்புக்கான மர அச்சு செய்வது என் வேலை.

பூஜைக்கு ஒவ்வொரு செக்‌ஷனும் சொந்தமாக ஏதாவது செய்து சாமி முன்னால் வைக்கும். அந்த வருடம் டூல் ரூம் முனுசாமியும் நானும் கூட்டு. பென்னலூரில் அவன் மாமனார் வீட்டுச் சுவரில் ஒரு பழைய துப்பாக்கி தொங்கியது. வெள்ளைக்கார வியாபாரிகள் கொண்டுவந்து விற்ற ரகம். மேலே சுத்தியல் மாதிரி நிற்கும் குதிரையை இழுத்து விட்டால், அது கவ்வியிருக்கும் கல் இரும்பில் உரசிப் பொறி பறக்கும். அதைப் பாதி அளவில் செய்வதென்று முடிவு. சுடாது, குழலுக்கு வெறும் கம்பிதான். ஆனால் பொறி பறந்தே ஆகவேண்டும் என்று முனுசாமி ஒரே பிடிவாதம்.

குதிரை, ஸ்பிரிங் எல்லாம் ஒரே தகட்டில் பொருந்திய அந்த ‘லாக்’கை அவனே ஷிஃப்ட் முடிந்தபிறகு நின்று அரம் போட்டுச் செய்தான். அது உட்காரத் துப்பாக்கிக் கட்டையில் பள்ளம் வெட்டுவது நான். கிடைத்த ஈட்டி மரம் ஒரு உடைந்த கட்டிலின் சட்டம், ஒரே துண்டு. ஒரு சீவல் அதிகம் போனால் போனதுதான்.

பூஜை அன்று காலை லாக் அச்சாக உட்கார்ந்தது. தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே முடி நுழையாது. குதிரையை இழுத்து விட்டேன்...

பாதியில் நின்றுவிட்டது.

“முனுசாமி, உன் ஸ்பிரிங்கு புட்டுக்கிச்சிடா,” என்றார் எங்கள் ஷாப் மேஸ்திரி. “அப்படியே படைச்சிடலாம். யாரு வந்து இழுத்துப் பாக்கப் போறா?”

முனுசாமி முகம் செத்துப்போனது. எனக்கு ஆத்திரம் வந்தது.

“நேத்து வெளிய வெச்சு இழுத்தப்போ நல்லாதானே வுழுந்துச்சு? கோளாறு மரத்துல கீதுண்ணே.”

“சீக்கிரம் பாரு. உன் உளி ஒண்ணுதான் பாக்கி.”

கழுவிப் பொட்டு வைத்துவிட்டால் மறுநாள்வரை உளியைத் தொடக்கூடாது. அதற்குள் எங்கே உரசுகிறது என்று தெரியவேண்டும். உரசும் இடத்தில் ஒட்டிக்கொள்ளட்டும் என்று, டூல் ரூம் வழக்கப்படி ஸ்பிரிங் மேல் நீலச் சாயம் தடவிப் பார்த்தோம். ஈட்டி மரத்தின் கறுப்பில் நீலம் தெரியவே இல்லை. பூஜைத் தட்டு கண்ணில் பட்டது... குங்குமத்தை எண்ணெயில் குழைத்து ஸ்பிரிங் மேல் தடவினேன்.

“டேய், சாமிக்கு வெச்சதுடா!”

“இதுவும் சாமிக்குத்தாண்ணே.”

லாக்கை மாட்டி, இழுத்து, கழற்றினேன். பள்ளத்துக்குள் ஒரு சிவப்புக் கோடு! ஸ்பிரிங் சும்மா இருக்கும்போது தேவையான இடத்தை மட்டுமே வெட்டியிருக்கிறேன். இழுத்தால் அது அழுந்தி நகருமே! அச்சு செய்கிறவன் கை, அசையாத பொருளுக்கே பள்ளம் வெட்டிப் பழகியது.

கோடு விழுந்த இடத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினேன். மேஸ்திரி கற்பூரத்தோடு காத்திருந்தார். மறுபடி மாட்டி இழுத்தேன்... படீரென்று விழுந்து பொறி பறந்தது. ஷாப்பே கத்தியது.

முனுசாமி என் உளியை வாங்கி, அவனே கழுவிப் பொட்டு வைத்து, தன் அரங்களோடு சேர்த்து வைத்தான்.

இப்போது என் மகள் ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனி அசெம்ப்ளி லைனில் வேலை செய்கிறாள். “பார்ட் சரியா உக்காரலன்னா இன்னாம்மா பண்ணுவீங்க?” என்று கேட்டேன்.

“தூக்கிப் போட்டுட்டு வேற எடுப்போம்ப்பா. லைன் நிக்கக்கூடாதில்ல.”

நல்ல வசதிதான், குறை சொல்லவில்லை.

“லைன்ல உன் பக்கத்துல நிக்கிறது யாரும்மா?”

“பேர் தெரியலப்பா. ஆள மாத்திக்கினே இருப்பாங்க.”

மனசு என்னவோ போல ஆகிவிட்டது... எழுந்துபோய் முனுசாமிக்குப் போன் போட்டேன்.

“இன்னாடா விஷயம்?” என்றான்.

“ஒண்ணுமில்லடா, சும்மாதான்,” என்றேன்.