ஒரே நம்பரில் பதினொரு பேர்

வினோலியா அக்காவின் குரலைத்தான் எனக்கு முதலில் தெரியும். அதுவும் என் போனில் கேட்டதில்லை. எங்கள் பக்கத்து ஊரான சித்தையன்கோட்டையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் பாஸ்கல் அண்ணனின் போனில்.

"ஏலே பழனிக்குமாரு, வேடசந்தூர் மில்லுல இருந்து பேசுறாக. அப்ளிகேசன் போட்ட ஆளு யாராச்சும் இருக்கானு கேக்குறாக, பேசு."

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். அப்பா அதை ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார், வேலைதான் வந்தபாடில்லை.

"தம்பி, பதினொரு பேரு இந்த ஒரே நம்பரக் குடுத்திருக்கீக. யாரு நம்பரு இது?"

"பாஸ்கல் அண்ணன் நம்பருக்கா. ஓடிபி அவருக்கு வந்தாத்தான் சட்டுனு போட முடியும். எங்க ஊர்ல டவரு எடுக்காது."

அக்கா சிரித்தார். "அது சரி! எல்லாரும் ஒரே ஆளுன்னு நெனச்சு, ஒருத்தர வச்சுக்கிட்டு மிச்சத்த சாப்ட்வேரு தள்ளிருச்சுய்யா."

"வச்சுக்கிட்டது யாரக்கா?"

"கீர்த்தனானு ஒரு பொண்ணு."

"அடேயப்பா, அவ அப்பன இனி கையில பிடிக்க முடியாதே!" என்றார் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பாஸ்கல் அண்ணன்.

சாப்ட்வேர் தள்ளிய விண்ணப்பங்களைத் தோண்ட வேண்டாம், பழையபடி ஆள் பிடித்துத் தரும் ஏஜென்ட்டிடமே கேட்போம் என்று மில் மேலாளர் அக்காவிடம் சொன்னாராம். திண்டுக்கல்லிலிருந்து பன்னிரண்டாம் வகுப்போடு மில்லுக்கு வந்து, ஷிப்ட் பார்த்துக்கொண்டே தபால் வழியில் படித்துப் பட்டம் வாங்கி ஆபீசுக்கு ஏறியவர் அக்கா. "நானும் ஏஜென்ட் தயவுலதான் சார் உள்ள வந்தேன். ரொம்ப நாளைக்கு அவருக்குக் கும்பிடு போட்டேன். இந்தப் புள்ளைகளுக்கு அது வேணாம்" என்றாராம். இதெல்லாம் பிறகு ஆபீசில் கேள்விப்பட்டது.

நேர்காணல் பாஸ்கல் அண்ணன் கடையில், வீடியோவில் நடந்தது.

"ஏன் தம்பி இப்பிடி வேர்க்குது? பயமா?"

"ஃபேன நிப்பாட்டிட்டாருக்கா."

"ஓடுனா கடகடங்கும் மேடம், நீங்க பேசுறது கேக்காது!" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார் அண்ணன்.

எங்களில் ஏழு பேருக்கு வேலை கிடைத்தது. எனக்கு அக்கா இருந்த பணியாளர் பிரிவிலேயே. போன் நம்பர் ஒன்றாக இருந்தால் இப்போது சாப்ட்வேர் யாரையும் நீக்குவதில்லை. எங்களுக்குக் காட்டும், நாங்கள் கூப்பிட்டுக் கேட்போம். அக்கா சொல்லி மாற்ற வைத்தது. அன்றைக்கு அவர் அந்த நம்பரை அழைக்காமல் விட்டிருந்தால், நான் விண்ணப்பித்ததே மில்லில் எவருக்கும் தெரிந்திருக்காது.

வினோலியா அக்கா இப்போது அதே மில்லில் பணியாளர் பிரிவின் தலைமைப் பொறுப்பில் இருக்கிறார். திண்டுக்கல்லிலிருந்து மில் பஸ்ஸில்தான் வந்து போகிறார்.