எல்லை தாண்டிய மீன் மெத்தைகள்

தையல்கார அக்காவுக்கு நீச்சல் தெரியாது. ஆற்றில் கால் நனைக்கவே யோசிப்பார். ஆனால் கிழிந்த வலைகளை மெத்தை உறைபோல் தைத்து, உள்ளே காலி பாட்டில்களை அடைத்து, மேலே நாணல் நட்டு மிதக்கவிட்டால், கீழே தொங்கும் வேர்களில் மீன்கள் முட்டையிடும் என்ற யோசனை அவருடையதுதான். ஆற்றைக் காக்கும் நிதியம் ஒன்று அதை நம்பி உதவியது. ஒரே ஒரு பருவத்துக்கு. பலன் தெரிந்தால் மேற்கொண்டு பார்க்கலாம் என்றார்கள்.

பலன் பார்க்க நிதியத்தின் அதிகாரி வருகிற காலையில், ஆற்றில் ஒரு மெத்தைகூட இல்லை.

மேலே அணையைத் திறந்துவிட்டிருந்தார்கள். தண்ணீர் ஏற ஏற, மெத்தைகளைக் கல்லோடு பிணைத்திருந்த கயிறுகள் அறுந்துவிட்டன. கோடையில் அளந்த ஆழத்துக்குக் கச்சிதமாக வெட்டிய கயிறுகள்.

"சின்னப் பிள்ளை சட்டைன்னா வளர்றதுக்குத் துணி மடிச்சு விடுவீங்க. ஆறு மட்டும் வளராதா அண்ணி?" என்றான், மீன் பிடிக்கும் கொழுந்தன்.

"வாயை மூடுடா. எங்கே போச்சுன்னு பாரு."

தையல் கடை வாசலில் நின்றாலே தெரிந்தது. எல்லாம் அக்கரையில் ஒதுங்கிக் கிடந்தன. ஆற்றின் நடுவோடு எல்லை. அக்கரை வேறு நாடு. திட்டத்தில் சேரச் சொல்லி நிதியம் எத்தனை தடவை கேட்டும் பிடிகொடுக்காத ஊர்.

"பாதி தைச்ச மெத்தை ஒண்ணு உள்ளே கிடக்கே. அதைக் காட்டிச் சமாளிப்போமா?" என்றான் கொழுந்தன்.

அக்காவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அதிகாரி அம்மா ஜீப்பிலிருந்து இறங்கியதும் வாய் முந்திக்கொண்டது. "மேடம், கயிறு என் தப்பு. மெத்தையெல்லாம் நாடு மாறிடுச்சு."

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "முட்டை வெச்சுதா?"

"தெரியலையே!"

கொழுந்தன் அக்கரை மீனவர் ஒருவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். "மச்சான், எங்க மெத்தையைத் திருப்பி அனுப்பு."

"அதெப்படி? வேர் முழுக்க முட்டை. மரத்துல கட்டி வெச்சாச்சு. எங்க கரைக்கு வந்தது எங்களுக்குத்தான்."

அக்கா போனைப் பிடுங்கினார். "நீங்களே வெச்சுக்குங்க தம்பி. ஆனா குஞ்சு பொரிக்கிற வரைக்கும் பக்கத்துல ஒரு வலை விழக் கூடாது."

அந்தப் பக்கம் கசமுசாவென்று நாலைந்து குரல்கள். பிறகு, "சரிக்கா. காவலுக்கு ஆள் போடறோம். ஆனா இன்னும் பத்து மெத்தை வேணும். எப்போ தருவீங்க?"

அக்கா அதிகாரியைப் பார்த்தார். அவர் அதற்குள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு கரைக்கும் சேர்த்தே சொல்லுங்க. எவ்வளவு வலை வேணும்?"