அண்ணி விட்டுவந்த அடித்தண்டுகள்

மழை விட்ட மறுநாள் சந்தை வாசலில் ஒரு தகர மேசை போடுவார்கள். காட்டில் காளான் பறித்தவர்கள் வந்து கூடையை நீட்டுவார்கள். மேசைக்குப் பின்னால் நிற்கிறவள் திருப்பிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, தின்னலாமா கூடாதா என்று சொல்லுவாள். அவள் வாயில் அதிகம் வருவது 'கொட்டு' என்ற சொல்தான். அதனால் பேரே கொட்டு அக்கா ஆகிவிட்டது. முகத்துக்கு நேராகத் திட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அவளுடைய அண்ணிக்கு மட்டும் கோபம் ஆறவே இல்லை. போன வருஷம் நாலு பேர் பார்க்க அண்ணியின் கூடையையும் கொட்டச் சொல்லிவிட்டாள் மகராசி. அதோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது. இந்த வருஷம் அண்ணி வீறாப்பாக வந்து நின்றாள். சுத்தம் சுத்தம் என்று உயிரை விடுகிற மனுஷி. துடைத்த இடத்தையே திரும்பத் துடைப்பாள். காளானை எல்லாம் கழுவி, வெள்ளைத் துணியில் அடுக்கியிருந்தாள்.

"இதுல என்ன குத்தம் கண்டுபிடிக்கறேன்னு பாக்கறேன்."

கொட்டு அக்கா ஒன்றைத் திருப்பினாள். குடைக்கடியில் வெள்ளை. தண்டு பாதியில் நறுக்கியிருந்தது.

"அடிப்பக்கம் எங்க அண்ணி?"

"ஒரே மண்ணு. காட்டுலயே வெட்டி விட்டுட்டு வந்தேன்."

குடைக்கடியில் இதே வெள்ளையோடு உயிரை வாங்குகிற காளான் ஒன்று உண்டு. மேலே பார்த்தால் பரம சாது. மண்ணுக்குள் புதைந்த அடியில் ஒரு பை இருக்கும், அதுதான் காட்டிக்கொடுக்கும். அடி இல்லாமல் அவள் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

"கொட்டிடுங்க."

"வேணும்னே பண்றே நீ. உங்க அண்ணன் காலையிலயே ஒரு தட்டு சாப்பிட்டார். குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கார்."

அந்த விஷம் உடனே காட்டாது. வலி வரட்டும் என்று காத்திருந்தால் ஈரல் போய்விடும். கொட்டு அக்கா பக்கத்து முட்டைக் கடைக்காரரை வண்டியோடு அனுப்பி, அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னாள். காளானிலும் ஒன்றைக் கொடுத்தனுப்பி, மிச்சத்தைக் கொட்டினாள். பிறகு அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு காட்டுக்கு ஓடினாள்.

இடம் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. வெட்டிய ஒவ்வொரு இடத்தையும் அண்ணி இலை போட்டு மூடியிருந்தாள். காட்டைக்கூட விட்டுவைக்கவில்லை! இருவரும் மண்டியிட்டுத் தோண்டினார்கள். ஒவ்வொரு அடியையும் கொட்டு அக்கா விரலால் மண் நீக்கித் தடவிப் பார்த்தாள். பை இல்லை. அடுத்ததிலும் இல்லை. அண்ணியின் நகமெல்லாம் சேறு.

"என் கையாலதானேடி போட்டேன்," என்று அண்ணி அழுதாள்.

"தோண்டுங்க அண்ணி. அப்புறம் அழலாம்."

கடைசி இலையையும் விலக்கியாயிற்று. எல்லாமே நல்ல காளான். கொட்டு அக்கா அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவளுக்கு ஒரே அண்ணன்.

அடித்தண்டுகளை முந்தானையில் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, எதற்கும் நாளை வரை இருக்கட்டும் என்றார். கட்டிலில் அண்ணன் சலித்துக்கொண்டார்.

"நல்ல காளான்தானாமே. அப்ப மிச்சம் எங்கே?"

சேறு காய்ந்த கையை இன்னும் கழுவாமல் நின்ற அண்ணிதான் பதில் சொன்னாள்.

"கொட்டியாச்சு. கொட்டினது சரிதான்."