நாலு மணி பஜனை

ஓய்வு பெற்ற முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, என் மனைவிக்கு என்னைவிட நல்ல சகவாசம் கிடைத்திருக்கிறது என்று.

புனே பக்கத்தில் பிம்ப்ரியில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். வாரம் விட்டு வாரம் நைட் ஷிப்ட். வேலை முடியப் போகிறது என்ற கடைசி வருடம் முழுக்க எனக்கு ஒரே நினைப்பு: பெரிய டிவி ஒன்று மாட்டி, சாயங்காலமானால் இரண்டு பேரும் உட்கார்ந்து பழைய தமிழ்ப் படமாகப் பார்த்துத் தீர்க்க வேண்டும். டிவியும் வந்தது. முதல் திங்கட்கிழமை படத்தைத் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். அவள் முகம் கழுவி, தலை சீவி, துணிப்பையில் ஜால்ராவை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பஜனைங்க. ஆறு மணிக்கு வந்துருவேன். பிளாஸ்க்குல டீ இருக்கு."

அவள் ஐந்து வருடமாக பஜனைக்குப் போவது எனக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்தில் நான் கம்பெனியில் இருப்பேன், இல்லை தூங்கிக்கொண்டிருப்பேன். நாலு பெண்கள் உட்கார்ந்து ஏதோ பாடிவிட்டு வருகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

இரண்டு வாரம் தனியாகப் படம் பார்த்தேன். மூன்றாவது வாரம் பொறுக்க முடியவில்லை. காய்கறி வாங்குகிற சாக்கில் ஆகுர்டி விட்டல் கோயில் பக்கம் போய், வாசலில் செருப்பு விடும் இடத்தில் நின்று எட்டிப் பார்த்தேன்.

இருபது பெண்கள் இருப்பார்கள். பாட்டு முடியும் கட்டம். இவளும் இன்னொரு பெண்ணும் எழுந்து, எதிரெதிரே கைகளைக் கோத்துக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்துச் சுற்ற ஆரம்பித்தார்கள். ஃபுகடி என்பார்கள் இங்கே. சிறு பெண்கள் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். இவளுக்கு ஐம்பத்தேழு வயது. வீட்டில் மேல் பரணிலிருந்து ஒரு டப்பா எடுக்க முட்டி வலி என்று என்னைக் கூப்பிடுகிறவள். அங்கே பம்பரமாகச் சுற்றினாள். நின்றதும் தலை கிறுகிறுத்து அந்தப் பெண்ணின் தோளிலேயே விழுந்து, வாயைப் பொத்தாமல் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. கல்யாணமான புதிதில்கூட இல்லை. வெண்டைக்காய் வாங்க மறந்து வீட்டுக்கு வந்தேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவள் சப்பாத்தி தேய்த்தபடி அதே பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வார்த்தையை அப்படிச் சொல்ல மாட்டாங்க. கம்பெனியில மராத்திக்காரங்க பேசிக் கேட்டிருக்கேன்," என்றேன்.

"சரிங்க, கேட்டுத் திருத்திக்கிறேன்," என்றாள். அவளுக்குச் சுருக்கென்றுகூட இல்லை. எனக்குத்தான் எரிந்தது. அதற்குப் பிறகு அவள் செய்யும் குழம்பில், கட்டும் புடவையில், வீட்டுக்கு வரும் நேரத்தில் என்று எதிலாவது ஒரு குறை கண்டுபிடிப்பது எனக்கு வேலையாகப் போயிற்று.

ஆனி மாதத்தில் தேஹூவிலிருந்து பண்டர்பூர் விட்டல் கோயிலுக்கு மகானின் பாதுகையைச் சுமந்து போகும் பல்லக்கு எங்கள் ஆகுர்டியில் ஒரு ராத்திரி தங்கும். நடந்து வரும் யாத்ரீகர்களால் ஊரே நிரம்பிவிடும். போன வருடம் அன்றைக்கு இவர்கள் குழுவுக்கும் கோயிலில் பாட இடம் கிடைத்திருந்தது. நாலு மணிக்கு. இவளுக்கு ஒரு பாட்டில் முதல் அடி தனியாகப் பாடக் கொடுத்திருந்தார்கள். ஒரு மாதமாக அந்த அடி எங்கள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது.

அன்று காலை அவள் குளித்துக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. குழுவின் தலைவி.

"அண்ணா, நேரத்தை மாத்திட்டாங்க. ரெண்டு மணிக்கே பாடணும். அக்காகிட்ட மறக்காமச் சொல்லிருங்க," என்று மராத்தியில் சொன்னார்.

"சாங்கதோ," என்றேன். சொல்கிறேன் என்று அர்த்தம்.

சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. மறக்கவில்லை. அவள் நிதானமாக ரசம் கொதிக்கவைத்ததையும், எனக்குப் பரிமாறியதையும், மணி இரண்டானதையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றரைக்கு, குழுவில் எல்லோரும் எடுத்திருந்த அதே மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். அரை மணியில் திரும்பிவிடுவாள், படம் போடலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஏழு மணிக்குத்தான் வந்தாள். மழையில் தொப்பலாக நனைந்திருந்தாள். காலில் சேறு. நெற்றியில் யாரோ அப்பிய அபீர் பொடி கரைந்து கறுப்பாக வழிந்திருந்தது. முகமோ விளக்கேற்றினது போல இருந்தது.

"பல்லக்கைத் தொட்டுட்டேங்க," என்றாள். பிறகு புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே, "பாட்டு ரெண்டு மணிக்கே பாடிட்டாங்களாம். போன் பண்ணினாங்களாம். நீங்கதான் எடுத்தீங்களாம். மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

தப்பிக்க அவளே வழி கொடுத்தாள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை.

"மறக்கல."

"பின்ன?"

"நீ எங்கூட ஒருநாளும் அப்படிச் சிரிச்சதில்ல. அன்னைக்கு வாசல்ல நின்னு பாத்தேன்."

அவள் நனைந்த புடவையோடு சமையலறை வாசலிலேயே நின்றாள்.

"நைட் ஷிப்ட் முடிச்சு வந்து பகல்ல தூங்குவீங்க. இந்த வீட்டுல நான் ஒரு பாத்திரத்தைச் சத்தமா வச்சிருக்கேனா? டிவியில சத்தமில்லாமப் படம் மட்டும் பாப்பேன். பிள்ளைங்க சிரிச்சாக்கூட வாயைப் பொத்துவேன். எங்கிட்டு இருந்துங்க சிரிப்பு வரும்?" குரல் உயரவில்லை. "அங்க போயித்தான் எனக்கு இவ்வளவு சத்தம் இருக்குன்னே தெரிஞ்சுச்சு. அதையும் பிடுங்கப் பாத்தீங்களே."

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வந்தது, டீ வந்தது, நாலு மணிக்குக் கதவு சாத்தும் சத்தமும் வந்தது. நாலாம் நாள் நானே கோயிலுக்குப் போய், தலைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "அந்த அடியை நாங்க யாரும் தனியாப் பாடல, அண்ணா. சேர்ந்துதான் பாடினோம்," என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

என்னையும் பஜனைக்கு வரச் சொன்னார்கள். ஒரே ஒருநாள் போய் உட்கார்ந்தேன். எனக்கு வாய்க்கவில்லை. பத்து நிமிடத்தில் கால் மரத்துவிட்டது, பக்கத்தில் இருந்தவர் போட்ட தாளம் காதில் இடித்தது. அவளுக்குக் கிடைக்கிறது எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று அதற்கும் ஒரு பொறாமைதான் மிஞ்சியது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு படம் பார்க்கிறாள். சத்தத்தை நன்றாகக் கூட்டிவைக்கச் சொல்கிறாள். நகைச்சுவைக் காட்சி வந்தால் சிரிக்கிறாள், ஆனால் பாதிப் படத்தில் தூங்கிவிடுகிறாள். நேற்று போனில் அந்தப் பெண்களில் ஒருத்தியோடு மராத்தியில் பேசி விழுந்து விழுந்து சிரித்தாள். என்ன விஷயம் என்று கேட்டேன்.

"தமிழ்ல சொன்னா சிரிப்பு வராதுங்க," என்றாள்.

பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். மீதியையும் உரித்து முடித்தேன்.