தட்டுக்காக ஓடியவள்

எங்கள் பேராசிரியரை நினைத்தால் முதலில் அவருடைய வெள்ளைக் காலணிதான் கண்முன் வருகிறது. விளையாட்டுப் பொறியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். அந்தக் காலணியோ ஒருநாளும் புல்லை மிதித்ததில்லை. செராஸில் வீட்டு வாசலில் காரில் ஏறி ஆய்வுக்கூட வாசலில் இறங்குவார். மைதானம் பத்து நிமிட நடைதான். "அங்க வெயில் லா, டேட்டா கெட்டுப்போயிடும்" என்பார். வெயிலில் ஓடுகிறவர்களை வைத்துத்தான் தன் பிழைப்பு என்பது அவருக்கு உறைத்ததே இல்லை.

நான் அவருக்கு ஆய்வு உதவியாளர். பண்டமாரானிலிருந்து ஒரு பெண் வருவாள். வலது முழங்காலுக்குக் கீழே கால் கிடையாது. அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டுபவர். மாநில இளையோர் அணித் தேர்வுக்கு அவளுக்கு அதுதான் கடைசி வருடம். அவள் ஓட்டத்துக்கு ஏற்ற செயற்கைக் காலை வடிவமைத்துத் தருவதாகப் பேராசிரியர் பெருமையாக ஏற்றுக்கொண்டிருந்தார்.

கூடத்தின் தரையில் ஒரு தட்டு பதித்திருக்கும். மிதிக்கும் விசையை அது அளக்கும். கால் அதன் நடுவில் விழுந்தால்தான் கணக்கு. அவள் தன் போக்கில் ஓடினால் தட்டைத் தாண்டிப் போய்விடுவாள். பேராசிரியர் உதட்டைப் பிதுக்குவார். "சாரி சார்" என்று அவள் திரும்பி வருவாள். இப்படியே இருபது தடவை ஆனபின், நான் தரையில் மஞ்சள் டேப் ஒட்டி, "இங்க வந்ததும் அடியைச் சுருக்கிக்கோம்மா" என்றேன். சுருக்கினாள். "பியூட்டிஃபுல்!" என்று அவர் கைதட்டினார். அந்தச் சுருங்கிய அடியை அளந்துதான் கால் செய்தோம். மைதானத்தில் அவள் தன் போக்கில் எட்டி வைத்துத்தான் ஓடுவாள் என்பது படித்த முட்டாள்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் மாட்டிப் பார்த்துவிட்டு, "எட்டி வச்சா அமுங்குது சார்" என்றாள்.

"கம்ப்யூட்டர் சரின்னு சொல்லுது. நீதான் பழகிக்கணும்."

தேர்வு ஓட்டத்தில் கடைசி ஆளாக வந்தாள். அவர் தேர்வைப் பார்க்கவும் போகவில்லை. திங்கட்கிழமை காப்பியை உறிஞ்சியபடி, "மனவலிமை போதலை" என்றார். அந்தக் கோப்பையைப் பிடுங்கி அவர் காலணியில் ஊற்றியிருக்க வேண்டும். நான் தலையாட்டினேன்.

அந்த அளவுகளை வைத்து எழுதிய ஆய்வுக் கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது. இன்று அவர் துறைத் தலைவர். போன மாதம் கிள்ளானில் ஒரு மருந்துக்கடையில் அவளைப் பார்த்தேன், கல்லாவில் இருந்தாள். சிரித்துக்கொண்டே கேட்டாள்: "அக்கா, அந்தப் பேப்பர்ல நான் நல்லா ஓடியிருக்கேனா?"

"ரொம்ப நல்லா ஓடியிருக்க" என்றேன்.

பொய்யில்லை. அந்தக் கட்டுரையில் இரண்டாவது பெயர் என்னுடையது. அதைக் காட்டித்தான் விரிவுரையாளர் ஆனேன்.