துரையின் வெறும் வயிறு

அந்தக் கால்நடை மருத்துவமனையில் இப்போது வேறொரு டாக்டர் இருக்கிறார். வாசலில் கிடக்கும் எடை மேடை மட்டும் பழைய டாக்டரம்மாவுடையது. நாயோ பூனையோ, அதில் ஏறி இறங்காமல் அந்த அம்மா ஊசியைக் கையில் எடுத்ததில்லை. போன மாதம்தானே பார்த்தோம் என்று யாராவது சலித்துக்கொண்டால், "போன மாசத்து நாய்க்கா ஊசி போடப் போறேன்?" என்பார். தெருவில் அவருக்குத் தராசு டாக்டர் என்று பெயர்.

சிறிய இடம். வாயு கொடுத்து மயக்கும் கருவி கிடையாது, எல்லாம் ஊசிதான். வாயுவென்றால் திருகி நிறுத்திவிடலாம். உள்ளே போன ஊசி மருந்தைத் திரும்ப உறிஞ்ச முடியாது. அதனால் நரம்பில் மருந்தைக் கொஞ்சமாகத் தள்ளுவார், நிறுத்துவார், தாடை தளர்கிறதா என்று பார்ப்பார், மறுபடி தள்ளுவார். மூச்சுக்குழலில் செருகும் குழாய் பக்கத்திலேயே தயாராக இருக்கும். சில மருந்துகளில் பூனை கண்ணை மூடாமலே தூங்கும். கண் உலராமலிருக்கக் களிம்பு தடவ மறக்கமாட்டார். இதற்குள் இன்னொரு நாயை முடித்திருக்கலாம் என்று உதவியாளர் முனகுவது தினமும் நடப்பது.

அவருடைய அக்கா ஒருநாள் துரையைக் கூட்டிவந்தாள். துரை கிழட்டு நாய், அத்தான் வளர்த்தது. அத்தான் இறந்த பிறகு அந்த வீட்டில் அக்காவுக்குத் துணை அது ஒன்றுதான். தொடையில் வளர்ந்த கட்டியை எடுக்க அவளைச் சம்மதிக்க வைப்பதற்குள் தங்கைக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

எடை பார்த்தாயிற்று. முன்னங்காலில் ரோமம் மழித்து ஊசியும் பொருத்தியாயிற்று. மருந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, எல்லோரிடமும் கேட்பதை அக்காவிடமும் கேட்டார்.

"காலைல ஏதாவது குடுத்தியாக்கா?"

"இல்லடி. சத்தியமா ஒண்ணும் குடுக்கல."

டாக்டரின் கை நின்றது. சின்ன வயதில் அப்பா அவரைப் பட்டினி போட்டபோதெல்லாம், புத்தகப் பையில் சாப்பாட்டை ஒளித்துக் கொண்டுவந்தவள் அக்கா. அப்பா கேட்டால் கண் இமைக்காமல் இப்படித்தான் சொல்வாள். உண்மை பேசும்போது அக்காவுக்குச் சத்தியம் தேவைப்பட்டதே இல்லை.

மயங்கிய நாய்க்கு விழுங்கத் தெரியாது. வயிற்றில் இருப்பது மேலேறினால் நுரையீரலில் இறங்கிவிடும். டாக்டர் மருந்தை மூடித் தட்டில் வைத்தார். இன்றைக்கு வேண்டாம், துரை இங்கேயே தங்கட்டும், நாளைக்குச் செய்யலாம் என்றார்.

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. இன்னொரு முறை மனதைக் கல்லாக்கிக்கொண்டு வரத் தன்னால் ஆகாது என்றாள். ஊருக்கெல்லாம் டாக்டர், எனக்கு மட்டும் போலீஸா என்றாள். தங்கை துரையின் காதைத் தடவியபடி நின்றார். கடைசியில் அக்கா சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"கொஞ்சம் பாலும் ரொட்டியும்தான். பசிக்குதுன்னு மூஞ்சிய மூஞ்சியப் பாக்குது. நான் என்ன பண்ண?"

"தெரியும்க்கா. எனக்கும் அப்படித்தானே குடுத்த."

மறுநாள் துரை வெறும் வயிற்றோடு மறுபடி எடை மேடையில் ஏறியது. உதவியாளர் சிரித்தார். கிழட்டு உடம்பு என்பதால் டாக்டர் வழக்கத்தைவிட மெதுவாகத் தள்ளினார். நினைத்ததில் பாதி போவதற்குள் தாடை தளர்ந்தது. மீதி மருந்து ஊசியிலேயே தங்கிவிட்டது. கட்டி முழுதாக வந்தது. துரைக்குப் போர்வை சுற்றிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அது தானாக விழுங்கத் தொடங்கும்வரை மூச்சுக்குழலில் செருகியிருந்த குழாயை எடுக்கவில்லை.

வெயில் சாயும்போது துரை தலையைத் தூக்கியது. கதவோரம் நின்ற அக்கா, "இப்ப குடுக்கலாமாடி?" என்றாள்.

"தள்ளாடாம எழுந்து நிக்கட்டும்க்கா."

சரியென்று தலையாட்டினாள். அவள் கை ஏற்கெனவே பைக்குள் போயிருந்தது. டாக்டர் அந்தப் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.